ரேகை சொல்லும் படிப்பு

பழைய ஜோசியருக்குக் கிளியாவது ஒன்று வேண்டியிருந்தது. இன்றைய ஜோசியருக்கு அதுவும் வேண்டாம். பத்து விரல்களையும் பதிவு செய்ய ஒரு சிறு யந்திரமும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். குழந்தை கண்ணால் கற்கிறதா, காதால் கற்கிறதா, டாக்டர் ஆகுமா, வக்கீல் ஆகுமா என்று முப்பது பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்து, கை நிறையப் பணமும் வாங்கிக்கொண்டு விடுகிறார்.

அன்னூரில் என் உறவினர் வீட்டில் அப்படி ஓர் அறிக்கை, கண்ணாடி போடாத குறையாகப் பத்திரமாக இருக்கிறது. பத்தாவது தேறிய பெண், கணக்கில் கெட்டிக்காரி. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை மாமன் கழற்றினால் பக்கத்தை விட்டு நகரமாட்டாள். அவளுக்குக் காதால் கற்கும் சுபாவமாம். ஆகையால் கணக்கு குரூப் கூடாதாம்! "ஏனுங்கண்ணா, ரேகை பொய் சொல்லுமுங்களா?" என்று தாயார் என்னைக் கேட்கிறாள்.

சொல்லாது. ஆனால் ரேகைக்குச் சொல்லத் தெரிந்தது, இந்த விரல் இன்னாருடையது என்பது மட்டுமே. அதற்காகத்தான் 1897ல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பதிவகத்தை ஏற்படுத்தினார்கள். திருடனைக் காட்டிக் கொடுக்கும் ரேகைக்கு, அவன் எந்தப் பாடத்தில் தேறுவான் என்று தெரியாது. கருவிலேயே அமைந்துவிட்ட கோடு, பிறந்த பிறகு வந்த ஆசையை எப்படி அறியும்?

கண், காது என்ற பாகுபாடாவது நிற்குமா? 2008ல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் நால்வர் இது பற்றிய ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்தார்கள். அவரவர் பாணிக்கு ஏற்றபடி போதித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு கூறினார்கள்.

அப்படியானால் ஒருவருடைய போக்கை அறிய வழியே இல்லையா? இருக்கிறது. 1893ல் நம் கோயமுத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடுவைப் பாருங்கள். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹோட்டலில் வேலை செய்து, பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அக்கக்காகப் பிரித்தார், மறுபடி பூட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அவர் யார் என்று சொன்னது அவர் கையிலிருந்த ஸ்பானர். இதனால் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1945ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட நன்கொடை தந்தவரும் அவரேதான்.

ஆகவே பெற்றோர்களே, அறிக்கைக்குப் பணம் கட்டுமுன் பிள்ளையைப் பத்து நாள் ஒரு பட்டறையில், பத்து நாள் ஒரு கணக்கரிடம் உட்கார வையுங்கள். எந்த வேலையில் சாப்பாட்டை மறக்கிறாள், எதில் தப்பு வந்தாலும் அலுக்காமல் திரும்பச் செய்கிறாள் என்று கவனியுங்கள். பிறகு அவளையே கேளுங்கள். அன்னூர்ப் பெண்ணை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. குரூப் எழுதிக் கொடுக்க இன்னும் நாலே நாள்தான் இருக்கிறது.