வேட்பாளரும் மனச்சான்றும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்கே, மலைகளுக்கிடையே அமைந்தது யூட்டா மாநிலம். கிழக்கே பட்ட கொடுமைகள் தாங்காது புறப்பட்ட மார்மன் சமயத்தார் 1847-ஆம் ஆண்டில் வந்து குடியேறிய நிலம் அது. மதுவும் புகையிலையும் மட்டுமன்றி, தேநீரும் காப்பியும்கூட அவர்களுக்கு விலக்கு. வருவாயில் பத்திலொரு பங்கு திருச்சபைக்குரியது. இல்லறத் தூய்மை அவர்கள் உயிரினும் ஓம்புவது. இத்தகையோர் ஆட்சிக்கு ஆள் தேரும்போது எதனை நோக்குகின்றனர்?

அவர்களுடைய திருச்சபை எந்தக் கட்சிக்கும் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கூறுவதில்லை. நேர்மையும் அறிவும் நற்பண்பும் உடையோரைத் தேடித் துணைநிற்க வேண்டும் என்பதே அவர்தம் மறையின் கட்டளை. ஆயினும் 1968 முதல் குடியரசுத் தலைவர் தேர்தல்தோறும் யூட்டா குடியரசுக் கட்சியின் பக்கமே நின்றிருக்கிறது. 2012-இல் அக்கட்சி நிறுத்திய மிட் ராம்னி மார்மன் சமயத்தவர். அவருக்கு அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 73 வாக்குகள் கிடைத்தன.

கட்டளைக்கும் கட்சிப் பழக்கத்துக்கும் முரண் நேர்ந்தது 2016-இல். டொனால்டு டிரம்ப் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்ததும், திருச்சபைக்குச் சொந்தமான நாளேடு அவர் போட்டியினின்று விலக வேண்டுமென்று எழுதியது. முஸ்லிம்கள் நாட்டில் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்ற அவருடைய பேச்சும் பலரை உறுத்தியது. 1838-இல் மிசௌரி ஆளுநரின் ஆணையால் துரத்தப்பட்ட முன்னோரை அவர்கள் மறந்தாரல்லர். அத்தேர்தலில் டிரம்ப் பெற்றது நூற்றுக்கு 45 அளவே; சுயேச்சையாக நின்ற மார்மன் சமயத்தவரான எவான் மக்மலின் 21-க்கு மேல் பெற்றார்.

எனினும் வென்றவர் டிரம்பே. 2020-இல் அவர் வாக்கு 58 ஆகவும், 2024-இல் 59 ஆகவும் உயர்ந்தது. வேட்பாளரின் ஒழுக்கத்தோடு கருக்கலைப்பு எதிர்ப்பு, சமய உரிமை, நீதிபதிகள் நியமனம் ஆகியவற்றையும் வாக்காளர் தராசில் வைக்கின்றனர். அவையும் அவர்கள் போற்றும் நெறிகளே. ஆகவே, ஒரே சமயநெறி இருவரை இருவேறு முடிவுக்கு இட்டுச் செல்லுதல் வியப்பன்று.

கடவுள்முன் எடுத்த உறுதிமொழியைச் சுட்டி, 2020 பிப்ரவரியில் தம் கட்சித் தலைவரையே குற்றவாளி என வாக்களித்தார் ராம்னி. அமெரிக்க அரசியற் சட்டம் இறையருளால் அமைந்தது என்பது மார்மன்களின் நம்பிக்கை. அதனைப் பற்றி நின்ற அரிசோனா சட்டமன்றத் தலைவர் ரஸ்டி பவர்ஸ், 2020 தேர்தல் முடிவை மாற்ற உடன்படவில்லை. 2022-இல் மாநில மேலவைக்குப் போட்டியிட முயன்றபோது, தம் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே அவர் தோல்வியுற்றார்.

வேட்பாளரை ஆராயாமல் ஒரே கட்சிக்கு வழக்கமாக வாக்களிப்பது மக்களாட்சிக்கு ஊறு என்று 2023-இல் திருச்சபைத் தலைவர்கள் அறிவுறுத்தினர். பதவியை இழந்தும் நெறி நின்றோரை மெச்சுதல் எளிது. அவர்களைத் தோல்வியுறாமல் காப்பது வாக்காளரின் கடமையன்றோ? யூட்டா மக்களுக்கு மட்டுமா இக்கேள்வி?