‘உள்ளபடியே விற்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

மன்னாரில் நாலு வியாபாரிகள் கூடுகின்ற இடத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் கதை ஒன்றுண்டு. ஆட்களும் தொகையும் மாறும், கதை மாறாது. எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ சிலாவத்துறையிலோ ஒருவர் இணையத்தில் விளம்பரம் பார்க்கிறார். கொழும்பில் யாரோ ஒருவர் தான் பாவித்த கையடக்கத் தொலைபேசியை விற்கிறார். கீறல் இல்லை, ஒரு கைப் பாவனை, அவசரத் தேவைக்கு விற்பனை. கடை விலையை விடப் பத்துப் பதினைந்தாயிரம் குறைவு. பணம் வங்கிக்குப் போகிறது, பொருள் கூரியரில் வருகிறது. மூன்றாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. அழைத்துக் கேட்டால், “அனுப்பும்போது நல்லாத்தானே இருந்தது நானா, உள்ளபடியே விற்கிறேன் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தேனே” என்று பதில். நாலாம் நாள் அந்த இலக்கமே வேலை செய்யாது.

இது வாங்கிப் பாவிப்பவரின் பிரச்சினை மட்டும்தான் என்று எமது கடைக்காரர்கள் நினைத்தால் அது தவறு. திருத்துகின்ற கடை வைத்திருப்பவர்களில் பலர் இப்படி ஒன்றிரண்டாக எடுத்துத்தான் மறுவிற்பனை செய்கிறார்கள். கடற்றொழிலாளர்கள் கேட்கும் ஜிபிஎஸ் கருவி, மீன் பார்க்கும் கருவி, பிள்ளைகளின் படிப்புக்கான மடிக்கணினி என எல்லாம் இந்த வழியிலும் வருகின்றன. தெரியாத ஒருவரிடம் வாங்கிய பழுது, தெரிந்த கடையின் பெயரில் விற்பனையாகிறது. கொழும்புக்காரரைப் பிடிக்க முடியாது. மன்னார் கடைக்காரரை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலிலேயே பிடிக்கலாம்!

பழையதை நாடுகின்ற மக்களைக் குறை சொல்ல முடியாது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு நூறு வீதப் பணத்தை முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்றது. கையடக்கத் தொலைபேசியும் அதில் அடக்கம். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாயிற்று. புதிய பொருள் கைக்கெட்டாமல் போகப் போக, 2012இல் தொடங்கிய இக்மன் போன்ற தளங்களும் முகநூல் சந்தையும் சாதாரண மக்களின் கடைத்தெருவாகிவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்பவர் மீதுதான் அது சுமத்துகிறது. வீட்டில் கிடந்த தன் பழைய போனை விற்பவர் அதற்குள் வரமாட்டார். வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு முறையிடவும் முடியாது. ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. வர்ணித்து விற்கப்படும் பொருள் வர்ணனைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லா விற்பனையாளருக்கும் உரியது. 128 ஜிபி என்று சொல்லி 64 ஜிபி அனுப்பினால், விற்றவர் கடைக்காரரோ தனியாளோ, பதில் சொல்லியாக வேண்டும். அவர் எழுதி அனுப்பிய செய்தியை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் செல்லுபடியாகும் ஆவணமாக ஏற்கிறது. எனவே வாயால் கேட்டதை எழுத்திலும் கேளுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். பொருள் விற்றதும் விளம்பரம் காணாமல் போய்விடும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. எனினும் அச்சட்டம் உற்பத்தியாளரையும் வர்த்தகரையும் நோக்கிப் பேசுவது. ஒரேயொரு தடவை விற்ற தனியாளை அங்கே நிறுத்துவது எளிதல்ல. மத்தியஸ்த சபைக்குப் போனால் இரு தரப்பும் இணங்கினால்தான் தீர்வு. முப்பதாயிரம் ரூபாப் போனுக்காக முந்நூறு கிலோமீற்றர் பயணம் செய்து இரண்டு நாள் கடையைப் பூட்டுவதற்கு யார் தயார்?

இந்த ஓட்டையை விற்பவர்களும் நன்றாக அறிவார்கள். கடை வைத்திருப்பவரே தன் சொந்தப் போன் போல விளம்பரம் போடுவது இப்போது ஒரு தந்திரமாகிவிட்டது. கடை என்றால் உத்தரவாதம் கேட்பார்கள், தனியாள் என்றால் கேட்கமாட்டார்கள். நம்மவர்களிடமும் இந்தப் பழக்கம் எட்டிப் பார்க்கிறது. இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள், அன்றைய வழக்கப்படி, ஓர் அடிமையை எண்ணூறு திர்ஹத்துக்கு விற்றார்கள். குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன்தான் விற்றார்கள். இன்றைய ‘உள்ளபடியே விற்கிறேன்’ என்பதேதான். வாங்கியவர், அடிமைக்கு ஒரு நோய் இருப்பதாகவும் அதைத் தமக்குச் சொல்லவில்லை என்றும் முறையிட்டார். வழக்கு கலீபா உஸ்மான் (ரழி) அவர்களிடம் போனது. விற்கும்போது இப்படியொரு நோய் இருப்பது தமக்குத் தெரியாது என இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் என்று கலீபா தீர்ப்பளித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பின்பு அந்த அடிமை நலமடைந்து, ஆயிரத்து ஐந்நூறு திர்ஹத்துக்கு விலைபோனதும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

நிபந்தனை வாசகத்தை வைத்துக்கொண்டு கலீபா வழக்கை முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விற்றவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பதையே கேட்டார்கள்.

நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹப் இதில் இன்னும் இறுக்கமானது. குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டாலும், உயிருள்ளதில் விற்றவருக்கே தெரியாத உள் நோய்க்கு மட்டுந்தான் அந்த நிபந்தனை உதவும், மற்றவற்றுக்கு உதவாது என்பதே இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் வலுவான கருத்தாகக் காணப்படுவது. ஆடு மாடு வெளியே நன்றாக மேய்ந்துகொண்டே உள்ளே நோயோடு இருக்கலாம், உடையவனுக்கும் அது தெரியாது. அந்தச் சலுகை போனுக்கும் கணினிக்கும் இல்லை. பழுதை அறிந்திருந்தும் வாய்மூடி விற்றவர் நிலை என்ன என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அதே நேரம் வாங்குபவருக்கும் கிதாபுகள் கடிவாளம் போட்டுள்ளன. நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். குறையைக் கண்டால் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். கண்ட பிறகும் பாவித்துக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். “பெருநாள் வரை பாவித்துப் பார்ப்போம்” என்று வைத்திருந்தவர் பிறகு சண்டைக்குப் போவதில் நியாயமில்லை. குறை எப்போது வந்தது என்பதில் இருவருக்கும் தகராறு என்றால், விற்றவர் சத்தியம் செய்தால் அவர் சொல்லே ஏற்கப்படும். வாங்கியவர் கையில் புதிதாக ஒரு குறை ஏற்பட்டுவிட்டால் பொருளை வலுக்கட்டாயமாகத் திருப்ப முடியாது, பழைய குறைக்கான ஈட்டுத் தொகையைத்தான் கேட்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. தேங்காயை உடைக்காமல் அது அழுகல் என்று அறிய முடியாது. அதனால் உடைத்த தேங்காயைத் திருப்பலாம், உடைத்ததற்கு ஈடு கொடுக்க வேண்டியதில்லை. இதே தேங்காய் உதாரணத்தையே மின்ஹாஜ் சொல்கிறது. ஆனால் குறையை அறியத் தேவையான அளவுக்கு மேல் உடைத்தால் அந்தச் சலுகை கிடையாது. போன் பழுது என்றதும் தெரிந்த தம்பியிடம் கொடுத்துத் திறந்து, கிளறி, ஒரு சில்லையும் மாற்றிப் பார்த்த பிறகு விற்றவரை அழைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். முதல் அழைப்பு விற்றவருக்கு, பிறகுதான் ஸ்குரூட்ரைவர். (குறிப்பிட்ட வழக்குகளில் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரி, முப்தி அல்ல.)

ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜோர்ஜ் அகர்லொப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கார் எது, பழுதான கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாததால் இரண்டுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டு விலகுவார். முடிவில் பழுதானவை மட்டும் மிஞ்சும். பழைய போன் என்றாலே மூக்கைச் சுளிக்கின்ற வாடிக்கையாளர் நம் கடைகளிலும் பெருகுவதற்குக் காரணம் இதுதான். நஷ்டம் நேர்மையான கடைக்காரருக்கே முதலில் விழுகிறது.

அப்படியானால் கடைக்காரர் செய்யக்கூடியது என்ன? இணையத்தில் விற்பவரால் கொடுக்க முடியாத ஒன்றை அவரால் கொடுக்க முடியும். அது மூன்று நாள் தவணை. நிபந்தனையிட்டுத் திருப்பும் உரிமைக்கு ஷாபி மத்ஹபில் உச்ச எல்லை மூன்று நாள். மடி கட்டி விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவருக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த அவகாசமும் மூன்று நாள்தான். பெற்றரி, சார்ஜ், கமரா, ஒலி, சிம், வைபை இவற்றின் பழுதுகளில் பெரும்பகுதி அதற்குள் தலைகாட்டிவிடும்.

மூன்று நாள் கொடுப்பவர் தானும் மூன்று நாள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கடை தாங்காது. ஊர்க்காரரிடம் எடுத்தால் விலையில் ஒரு பகுதியை நாலாம் நாள் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளலாம். தூரத்தில் உள்ளவரிடம் எடுப்பதானால் முழுப் பணத்தை அனுப்பாமல், அங்கிருக்கும் உறவினர் ஒருவரை நேரில் பார்த்து எடுக்கச் சொல்லலாம். 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளத்திலும் கொழும்பிலும் உறவில்லாத வீடு நம்மிடையே ஏது? பார்க்கப் போகிறவர் *#06# அழுத்தி ஐஎம்ஈஐ இலக்கத்தை எடுத்து, ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். ஐபோன் என்றால் பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று அவர் முன்னிலையிலேயே பார்க்க வேண்டும். சிம் தட்டை வெளியே இழுத்து உள்ளே பார்த்தால், ஈரம் பட்ட போனில் சிறிய வெள்ளை அடையாளம் சிவப்பாகியிருக்கும். உப்புக் காற்றும் கடல் நீரும் உள்ள நமது கரையோரத்தில் இதைப் பார்க்காமல் எதையும் எடுக்கவே கூடாது.

பற்றுச்சீட்டில் இரண்டு வரி போதும். முதல் வரியில் தெரிந்த குறைகள்: பெற்றரி மாற்றியது, கைரேகை வேலை செய்யாது, இப்படி உள்ளதை உள்ளபடி. இரண்டாவது வரியில், வேறு குறை கண்டால் திறக்காமல் மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்பது. கீழே ஐஎம்ஈஐ இலக்கத்தை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். விற்ற போனுக்குப் பதிலாக வேறொரு போனைக் கொண்டுவந்து நீட்டுபவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?