ஷாங்காயில் கைக்குழந்தையோடு குடித்தனம்

"அவருக்கு ஷாங்காயில் வேலை. எட்டு மாசக் குழந்தையோடு போகணும். பாஷை தெரியாது. பருப்பு, புளி எவ்வளவு கட்டிக்கணும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

பருப்பைப் பிறகு பார்க்கலாம். இஞ்சி, கொத்தமல்லி, பாகற்காய், பச்சைப் பயறெல்லாம் அங்கே தாராளமாகக் கிடைக்கும். உளுந்தும் கறிவேப்பிலையும்தான் தேடி அலைய வைக்கும்.

முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன்! பயப்படாதீங்க. ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீடு எடுத்துத் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பின்னால் ஒத்தாசைக்கு வரும் உங்கள் அம்மாவுக்கும் இதேதான். அங்கேயே பிரசவமானால், பிறந்த 60 நாளுக்குள் குழந்தைக்கும் தனியாகக் காகிதம் வாங்கணும்.

இனி முக்கியமான விஷயம். கணவர் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் குழந்தைக்கு ஜுரம் வந்தால்? அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் பெயர் பதிந்து பணம் கட்டணும். அப்புறம்தான் டாக்டர். ரத்தப் பரிசோதனை எழுதினால் அதற்கு மறுபடி பணம். முடிவோடு டாக்டரிடம் திரும்பிப் போய், மருந்துக்கு இன்னொரு தரம் கட்டணும். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இங்கிலீஷ் பேசும் தனிப் பிரிவு உண்டு. செலவு பல மடங்கு. எங்கே போனாலும் குழந்தையின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கட்டணமெல்லாம் பெரும்பாலும் செல்போனில்தான், வீசாட் அல்லது அலிபே வழியாக. 'அவர் போனில் இருக்கே' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் நம்பர், உங்கள் போனில் பணம், இரண்டும் முதல் வாரத்திலேயே வேண்டும். இதில் நான் கொஞ்சம் கண்டிப்புதான்!

ஆம்புலன்ஸுக்கு 120. ஆனால் விலாசத்தைச் சீனத்தில் சொல்லத் தெரியணுமே? சந்து எண், கட்டட எண், வீட்டு எண், குழந்தையின் வயசு இவற்றைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வாசல் காவலாளியிடம் அதைக் காட்டினால் அவரே போனில் பேசிவிடலாம்.

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. சீனர்களே வெந்நீர்ப் பிரியர்கள், ஓட்டலில்கூடச் சுடச்சுடத்தான் தருவார்கள். குளிர்காலத்தில் பெய்ஜிங் வீடுகளுக்கு நகரமே வெப்பம் அனுப்பும். தெற்கே இருக்கும் ஷாங்காயில் அந்த வசதி கிடையாது. ஈரக் குளிர் எலும்பில் ஏறும். குழந்தைக்குக் கம்பளிச் சாக்ஸ் நிறைய எடுத்துக்கோங்க.

சாக்ஸ் இல்லாமல் தூக்கிப் போனால் தெருவில் முன்பின் தெரியாத பாட்டிகள்கூட அதட்டுவார்கள்! பிள்ளை பெற்றவளை ஒரு மாசம் பச்சைத் தண்ணீர் தொடவிடாமல், இஞ்சியும் வெல்லச் சர்க்கரையும் கொடுத்துக் காப்பவர்கள் அவர்கள். நம் பத்தியம் மாதிரியேதான். அவர்களை 'ஆயி' என்று கூப்பிடுங்கள். சித்தி, பெரியம்மா என்று அர்த்தம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும் அதே பெயர்தான். விலாசச் சீட்டை எழுதித் தரச் சொல்லி முதலில் கேட்க வேண்டியதும் அவரைத்தான்.