பாட்டுக்குப் பட்டா உண்டா?

தன் பாட்டைத் தானே திருடிவிட்டதாக ஒருவர் மேல் வழக்குப் போட முடியுமா? போட்டார்கள். மாட்டிக்கொண்டவர் ஜான் ஃபோகர்ட்டி. 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் குரல், கிட்டார், பேனா எல்லாம் அவர்தான். 1970-ல் அந்தக் குழுவுக்காக அவர் எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் உரிமை ஃபேன்டஸி என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போன ஃபோகர்ட்டி, 1985-ல் 'சென்டர்ஃபீல்டு' என்ற ஆல்பம் போட்டார். அதிலுள்ள 'தி ஓல்டு மேன் டவுன் த ரோடு' எங்கள் பாட்டின் நகல் என்று பழைய முதலாளி கோர்ட்டுக்குப் போனார். 1988-ல் கிட்டாரும் கையுமாகச் சாட்சிக் கூண்டேறிய ஃபோகர்ட்டி, இரண்டு பாட்டும் எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று வாசித்தே காட்டினார். ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். வக்கீல் செலவை யார் கட்டுவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-ல் அங்கேயும் அவருக்கே சாதகம்.

இத்தனையும் தெரிந்துகொண்டு அவருடைய 'பிரிமனிஷன்' மேடைப் பதிவைக் கேட்டால் சங்கதியே வேறு. 1997 டிசம்பரில் கலிபோர்னியாவில், பர்பாங்க் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் ரசிகர்களை உட்கார வைத்துப் பாடியது. மறு வருசம் வெளிவந்தது. மொத்தம் 18 பாட்டு. பொதுவாக மேடைப் பதிவு என்றால் கைத்தட்டலை நடுநடுவே தூவி, பழைய சரக்கைப் புது உறையில் விற்கிற வேலை. இது அப்படியில்லை. பதினான்காவதாக வருகிறது, கோர்ட்டுக்கு இழுத்த அதே 'ஓல்டு மேன்'. கிட்டாரின் அந்த முதல் நெளிவு எழுந்ததுமே கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பின்னால் கென்னி ஆரனாஃபின் டிரம்ஸ் ஒரு இம்மி பிசகாமல் அடிக்கிறது. அம்பத்திரண்டு வயது ஆள், இருபத்தைந்து வயதில் கிரீடன்ஸில் பாடியதைவிட இறுக்கமாகப் பாடுகிறார். 'இது என்னுடையது' என்று வாயால் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மேடைக்கு வருவதற்குள் பல வருசம் போய்விட்டது. 1972-ல் குழு உடைந்தபிறகு, பாடப் பாட எதிராளி பைதானே நிரம்பும் என்ற ரோஷத்தில் கிரீடன்ஸ் பாட்டுகளையே அவர் ஒதுக்கி வைத்தார். 1987-ல் ஒரு நாள் மேடையில் கூட இருந்த பாப் டிலன் சீண்டினாராம்: உன் 'பிரவுட் மேரி'யை நீ பாடாவிட்டால், அது டினா டர்னர் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும்.

டிலன் சொன்னது மலேசியாவில் எங்கள் மெர்லிமாவ் வரைக்கும் பலித்திருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு கல்யாண விருந்து. தமிழ்ப் பாட்டு, மலாய்ப் பாட்டு எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் பேண்டுக்காரத் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, டினா டர்னர் பாட்டு ஒண்ணு போடவா?" என்று கேட்டுவிட்டு எடுத்தது 'பிரவுட் மேரி'. நான் திருத்தப் போகவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. தவிர, தம்பி நன்றாகவே வாசித்தார்.

ஃபோகர்ட்டியின் மனம் முழுசாக மாறியது 1990 வாக்கில், மிசிசிப்பியில் ராபர்ட் ஜான்சனின் கல்லறைக்குப் போனபோது. 1938-ல் செத்துப்போன கறுப்பினப் புளூஸ் பாடகர் அவர். இவர் பாட்டுகளின் உரிமை இப்போது எந்த வக்கீலின் மேசையில் கிடக்கிறதோ என்று யோசித்த ஃபோகர்ட்டிக்கு, யாரிடம் இருந்தால் என்ன, பாட்டு ஜான்சனுடையதுதானே என்று பட்டதாம். அப்படியென்றால் என் பாட்டும் என்னுடையதுதான் என்று ஊர் திரும்பினார். அந்தத் தெளிவு ஒலிநாடாவில் ஏறியதுதான் 'பிரிமனிஷன்'.

வேடிக்கை என்னவென்றால், அதே 1998-ல் இன்னொரு மேடைப் பதிவும் கடைக்கு வந்தது. பழைய குழுவின் பாஸ் கிட்டார் ஸ்டூ குக்கும் டிரம்மர் டக் கிளிஃபர்டும் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்று பேர் வைத்து, வேறொரு பாடகரை நிறுத்திப் போட்ட 'ரிகலெக்‌ஷன்'. பெரும்பாலும் அதே பாட்டுகள். அதுவும் நன்றாக விற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் சுதி சரி, தாளம் சரி. ஆனால் ஒன்றில் மட்டும்தான், நின்று வாங்கியவனின் வலி தெரியும்.

நம் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அவரும் ராஜா பாட்டுகளை விலக்கிவிட்டு மிச்சக் கச்சேரிகளை முடித்தார். இங்கே ஜாசின் ஒட்டுக்கடைகளில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. மெட்டுப் போட்டவருக்கு உரிமை இல்லையா என்று ஒரு மேசை, பாடியவர் தொண்டைக்குப் பங்கில்லையா என்று அடுத்த மேசை. சட்டப்படி பார்த்தால் ராஜா கேட்டதில் நியாயம் உண்டு. ஃபோகர்ட்டிக்கு நடந்ததைத் தெரிந்தவர்கள் அதை லேசில் தள்ள மாட்டார்கள். ஆனால் வக்கீல் நோட்டீஸ் தீர்க்காததை மேடைதான் தீர்த்தது. 2019 ஜூனில் சென்னையில், ராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி.பி. மறுபடி பாடினார். அடுத்த வருசம் செப்டம்பரில் அவர் போய்விட்டார். நடுவில் போன இரண்டு வருசத்தை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்?

ஃபோகர்ட்டிக்கும் காகிதம் கைக்கு வர 2023 ஆயிற்று. கிரீடன்ஸ் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை அந்த வருசம் வாங்கினார். அப்போது வயது எழுபத்தேழு. எனக்குப் பட்டது இதுதான்: பாட்டுக்குப் பட்டா காகிதத்தில் இருக்கலாம், அனுபோகம் தொண்டையில் இருக்கிறது. பாடிக்கொண்டே இருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது. பாடாமல் விட்டால், காகிதம் இருந்தும் பிரயோசனமில்லை.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? காகிதமே இல்லாத பாட்டுகள் நம்மிடம் ஏராளம். பால்மரம் வெட்டியவர்கள், நாற்றுமேட்டில் களை பிடுங்கியவர்கள், கங்காணியைக் கிண்டல் செய்தவர்கள் கட்டிய தோட்டப் பாட்டுகள். எழுதியவர் பேர் கிடையாது, ராயல்டி கிடையாது. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தேடித் திரிந்து புத்தகத்தில் ஏற்றியது கொஞ்சம். புத்தகத்தில் வரி இருக்கும், ராகம் இருக்காது. இழுத்துப் பாடும்போது எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள் என்பது இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் போய் தாமான் வந்தபிறகு, பாடத் தெரிந்தவர்கள் பெம்பானிலும் ஆசஹானிலும் மாடி வீட்டு மூலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கைப்பேசி போதும். பதிவு செய்யுங்கள். ஒன்று மட்டும்: பாடியவர் பேர், தோட்டத்தின் பேர், வருசம் மூன்றையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். கிரீடன்ஸ் குழுவின் மேடைத் தட்டு ஒன்றை 1980-ல் 'ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி' என்று உறையில் அச்சடித்து விற்றார்கள். அது லண்டனில் எடுத்ததே இல்லை, கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் எடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே ஊரை மாற்றிப் போட்டால், பேரில்லாமல் நம் கைப்பேசியில் கிடக்கிற ஒலிப்பதிவின் கதி என்ன? இதற்கு வக்கீலும் வேண்டாம், ஸ்டூடியோவும் வேண்டாம். "அதெல்லாம் மறந்துபோச்சுடா" என்று பாட்டி மூன்று முறை சொல்வார். நான்காவது முறை கேட்கிற பொறுமை இருந்தால் போதும்.