விலகியவருக்கும் வாயில் வேண்டும்

கல்லூரியில் சேர்வதற்கு வழிகாட்டுவோர் பலர். இடையில் விலக நேர்ந்தவர் மீண்டும் சேர்வதற்கு வழிகாட்டுவோர் மிகச் சிலரே. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் இக்குறை பெரிதாகத் தெரியும். அங்கு வேளாண்மைக்கு இடரான வெயிலே சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை வளர்த்தது. தீபாவளியை நோக்கி வேலை பெருகும் மாதங்களும் கல்லூரியின் முதற்பருவமும் ஒன்றாகவே வருகின்றன. ஆலையில் விபத்தோ, வீட்டில் நோயோ நேர்ந்தால் அன்றாடக் கூலியின் தேவை மாணவரின் வருகைப்பதிவை விழுங்கிவிடுகிறது.

விண்ணப்பம் அளித்து விலகுதல் வேறு; சொல்லாமல் நின்றுவிடுதல் வேறு. முன்னதில் திரும்பும் வழி எஞ்சியிருக்கும். பின்னதில் எழுதிய தேர்வுகளும் வீணாகக்கூடும்.

'தாமே கற்று உயரலாமே' என்பர் சிலர். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராசர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர்; சிறையில் நூல்களைப் பயின்று அறிவை வளர்த்தவர். எனினும், 1954இல் முதலமைச்சரான அவர் தம் வழியைப் பிறருக்கு விதியாக்கவில்லை. ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் அளித்தார். தனித்துக் கற்றலின் அருமையை அறிந்தவர் அதன் துன்பத்தையும் அறிந்திருந்தார்.

2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணிபுரிந்துகொண்டே பயில வழிசெய்கிறது. ஏனைய கல்லூரிகளும் பருவ விடுப்பு, பெற்ற மதிப்பெண்களுக்குப் பாதுகாப்பு, மறுசேர்க்கைக்கு எளிய விதி ஆகியவற்றை வகுத்துச் சேர்க்கை நாளிலேயே அறிவித்தல் வேண்டும். சேர்பவரும் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

வறுமை ஒரு பருவத்தைப் பறிக்கலாம்; பட்டத்தையே பறிக்க விதிகள் துணைபோகலாகாது.