ஆரோக்கியப் பாடத்துக்கு உரிய மணி எங்கே?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியக் கல்வி வேண்டும் என்பது நேற்று முளைத்த யோசனையல்ல. ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-ல் பள்ளிச் சுகாதாரத்தை வற்புறுத்தியது. 1961-ல் ரேணுகா ராய் அம்மையார் கமிட்டியும் அதையே சொன்னது. 2020 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் மீண்டும் ஒரு திட்டத்தை அறிவித்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, 11 தலைப்புகள், வாரம் ஒரு மணி நேரம். உணவு, சுத்தம், மனநலம், போதைப் பழக்கம், பருவ வயது, எச்.ஐ.வி. தடுப்பு, வன்முறையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. தலைப்புகளில் குறை சொல்ல அதிகமில்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கே என்பதுதான் கேள்வி.

இதைக் கேட்க சேலம், நாமக்கல் ஜனங்களுக்குத் தனி உரிமை உண்டு. மார்க்குக்காகவே பிள்ளைகளை அடைத்து வைக்கும் தனியார் விடுதிப் பள்ளிகளால் நாமக்கல் பேர் பெற்றது. ‘கோழிப்பண்ணைப் பள்ளி’ என்று ஜனங்களே பேர் சூட்டினார்கள். அந்த மோகம் சர்க்கார் பள்ளியையும் விடவில்லை. தேர்ச்சி சதவீதம் கேட்டு மேலதிகாரி விரட்டுகிறார். விளையாட்டு மணி கணக்குப் பாடத்துக்குப் போகிறது. பரீட்சையில் கேள்வி வராத ஆரோக்கியப் பாடம் என்ன கதியாகும்? இதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்வது அநியாயம். காலியிடத்தை நிரப்பாமல், இருப்பவர் தலையிலேயே இந்தச் சுமையையும் ஏற்றுகிறவர்களைக் கேட்க வேண்டும்.

1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில்தான். பின்வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று, லாரித் தொழிலின் ஊரான நாமக்கல். வாரக்கணக்கில் ரோட்டில் கிடந்த டிரைவரையும் கிளீனரையும் ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்று ஏசினார்கள். நோய் எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்று அந்த வாலிபனுக்குப் பள்ளியில் யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டோடு இருந்த மனைவியும் அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தாள். இத்தனைக்குப் பிறகும், பருவ வயதுக் கல்வி என்றதும் ‘கலாசாரம் கெட்டுவிடும்’ என்று 2007-ல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய ராஜ்யங்களில் எதிர்ப்புக் கிளம்பியது!

கலாசாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கட்டும். பெண் சிசுக் கொலை காரணமாக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது சேலத்தில்தான். சிசு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம். பெண் பெற்றவள் என்று தாயை வதைக்கும் குடும்பத்துக்கு இது தெரிய வேண்டாமா? ஆகவே இந்த வகுப்பில் பெண்களை மட்டும் தனியே உட்கார வைத்து, பையன்களை மைதானத்துக்கு அனுப்பினால் பிரயோஜனமில்லை.

பாடம் நம் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து எழ வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் பிள்ளை தறிச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் தூங்குகிறது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் அமிலப் புகை வீட்டுக்குள்ளேயே சூழ்கிறது. இவர்களிடம் ஆப்பிள் படம் காட்டி ‘தினம் ஒன்று சாப்பிடு’ என்பது கேலி. ராகியும் முருங்கைக் கீரையும் சத்துணவு முட்டையும் உடம்பில் என்ன செய்கின்றன என்று சொல்லட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாட்டுக்கே முட்டை அனுப்பும் பகுதியும் இந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது! பள்ளியில் வாராவாரம் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள், நல்லதே. எதற்கென்று விளங்காத மாத்திரையை எந்தப் பெண் தவறாமல் விழுங்குவாள்?

தண்ணீர் வராத கக்கூஸை வைத்துக்கொண்டு சுத்தத்தைப் போதிப்பதும் வீண். மாதவிலக்கு நாளில் பெண் பிள்ளை வீட்டிலேயே தங்கிவிடுகிறாள் என்றால், அவளுக்கு முதல் பாடம் குழாயும் தாழ்ப்பாளும்தான்.

இந்தக் கல்விக்குப் பாட அட்டவணையில் மாற்ற முடியாத மணி வேண்டும். ஆசிரியருக்கு முறையான பயிற்சி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் குறித்த நாளில் பள்ளிக்கு வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தொழிலாளி, விவசாயி வீட்டுத் தாய்மார்கள் அங்கத்தினராக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் பாட அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ஆரோக்கியத்துக்கான மணி அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்ற கேள்வியைத் தீர்மானமாக எழுதி, ஜில்லாக் கல்வி அதிகாரிக்கு அன்றே அனுப்பட்டும்.