உரிச்சொல் என்ன விலை?

எழுதிப் பிழைக்கிறவன் நான். கதையில் ஒரு பெண்ணின் குரல் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாதபோது, 'தேனினும் இனிய குரல்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்கு நழுவிய பாவத்தை நானும் செய்திருக்கிறேன். விஷயம் கைவசம் இல்லாத இடத்தில் உரிச்சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது எங்கள் தொழில் ரகசியம். அதே சரக்கை லட்ச ரூபாய்க்கு விற்கும் கடைகளும் உண்டு என்பதை நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நண்பர் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் விட்டுப்போன இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றோடு தாமாகச் சேர்த்த எல்.பி. தட்டுகளும் உண்டு. நல்ல ரிக்கார்டு பிளேயர் ஒன்றை ஏற்கனவே வாங்கிவிட்டார். அதற்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே வைக்க ஒரு 'போனோ ஸ்டேஜ்' வேண்டும்; வால்வு போட்டது வேண்டாம், டிரான்ஸிஸ்டர் போட்டதில் உயர்ந்த ரகம் வேண்டும் என்று கிளம்பினார்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது? தட்டின் கோட்டில் ஓடும் முள் எழுப்புகிற மின்சாரம் மிகச் சொற்பம். காந்தம் அசைகிற ரகத்தில் ஐந்து மில்லிவோல்ட் வந்தால் அதிகம். கம்பிச்சுருள் அசைகிற ரகத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். ஜப்பானிய வானொலிக்காக 1960-களில் உருவாகி இன்றும் விற்கிற டெனான் டி.எல்.103-ஐ எடுத்துக்கொண்டால் 0.3 மில்லிவோல்ட். அதை ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை, கோணியதை நிமிர்த்துவது. தட்டு வெட்டும்போது கோடு அகன்று இடத்தை விழுங்காமல் இருக்க அடிக்குரலைக் குறைக்கிறார்கள். இரைச்சல் தெரியாமலிருக்க உச்சக்குரலை ஏற்றுகிறார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்தால்தான் பாட்டு பழைய உருவுக்கு வரும். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் 1954-ல் ஒரு வளைவை வகுத்தது. சங்கத்தின் பெயரால் அதை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்கிறார்கள். மூன்றாவது வேலை, இவ்வளவையும் செய்யும்போது தன் பங்குக்கு இரையாமல் இருப்பது.

அவ்வளவுதான். மூன்றும் கணக்கு. அந்த வளைவை எப்படி வடிப்பது என்பதற்கான சூத்திரங்களை கனடாவில் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-லேயே ஒழுங்காக எழுதி வெளியிட்டுவிட்டார். நல்ல ரெஸிஸ்டரும் கண்டென்ஸரும் போட்டால் ஒரு டெஸிபலில் பத்தில் ஓரிரு பங்குக்குள் நின்றுவிடும். இதில் ரசனைக்கு எங்கே இடம்?

கடையில் மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். மூன்றாவதன் விலையில் ஒரு சின்னக் கார் வாங்கலாம்.

"இதுல கேளுங்க ஸார். பாடுறவர் எழுந்து வந்து உங்க முன்னால உட்கார்ந்துடுவார். என்ன ஆழம், என்ன இதம்!" என்றார் விற்பனையாளர்.

"இதன் கெயின் எத்தனை டெஸிபல்?" என்றேன்.

"அதெல்லாம் வெறும் நம்பர் ஸார். காதுதான் மீட்டர்."

எனக்கு ஒரு சந்தேகம். மூன்றாவது பெட்டி மற்ற இரண்டையும்விடச் சற்று உரக்கப் பாடியது. இரண்டு ஒலிகளில் ஒன்று அரை டெஸிபல், ஒரு டெஸிபல் கூடுதலாக இருந்தால், மனிதக் காது அதை 'உரக்க' என்று உணராது. 'உயர்வு' என்று உணரும். பரிசோதனை செய்கிறவர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி இது. மூன்றையும் ஒரே அளவில் வைத்து, எது எதென்று சொல்லாமல் போட்டுக் காட்டச் சொன்னேன். விற்பனையாளர் முகம் சுருங்கியது. ஆனாலும் செய்தார். நண்பர் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் வேறு வேறு பெட்டியைச் சொன்னார். கடைசியில் மூன்றாவதையே வாங்கினார்! மனித சுபாவத்தைப் பற்றி நாவல் எழுதுகிறவன் ஆச்சரியப்படக் கூடாதுதான்.

விலையுயர்ந்ததில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 0.3 மில்லிவோல்ட்டை இரைச்சலில்லாமல் பெருக்குவது லேசான காரியமல்ல. அதற்கு நல்ல டிரான்ஸிஸ்டர் வேண்டும், பவர் டிரான்ஸ்பார்மர் தள்ளி இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜுக்குத் தக்கபடி பாரத்தை மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். இதற்கெல்லாம் காசு கொடுப்பது நியாயம். ஆனால், பெட்டியின் இரைச்சல் தட்டின் சொந்த இரைச்சலுக்கு வெகு கீழே போன பிறகு, அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அலுமினியத்துக்கும் உரிச்சொல்லுக்கும் போகிறது.

"காது பொய் சொல்லாது" என்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். மொபைல் பிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் தட்டுகளை, கலப்பில்லாத அனலாக் என்று நம்பி, பெரிய விலை கொடுத்து வாங்கிப் பூஜித்தவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் 2011 முதலே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது என்று 2022-ல் அம்பலமாயிற்று. அம்பலப்படுத்தியது காது அல்ல; ஒரு தட்டுக் கடைக்காரரின் வாய். தட்டுகள் கெட்டவை அல்ல. கேட்டவர்கள் அனுபவித்ததும் பொய்யல்ல. அவர்கள் சொன்ன காரணம்தான் பொய்.

இனி நண்பர் வீட்டுக்கு வருவோம். புதுப் பெட்டியில் எல்.பி. தட்டுகள் நன்றாகவே பாடின. பிறகு தகப்பனாரின் 78 வேகத் தட்டுகளில் ஒன்றை எடுத்தார். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் பாடிய பாட்டு. பழைய தட்டுக்கென்று தடித்த முள்ளும் தனியாக வாங்கி வைத்திருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

"கேட்டீரா? என்ன இதம்!" என்றார், கடைக்காரர் குரலிலேயே.

உள்ளேயிருந்து அவருடைய அத்தை வந்தார். எண்பத்தெட்டு வயது. குழந்தைப் பிராயத்தில் அந்தத் தட்டைத்தான் தேயத் தேயக் கேட்டவர். ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, பாகவதர் போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடறாரா?" என்றார்.

மூன்று பெட்டியையும் கேட்ட நாங்கள் சொல்லாததைக் கிழவி சொல்லிவிட்டார்! 1954-க்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் கணக்குப்படி தட்டு வெட்டியது. 1944-ன் தட்டை 1954-ன் வளைவில் வைத்தால் அடிக்குரல் வீங்கும்; உச்சக்குரல் மழுங்கும். அந்தத் தப்புக்குத்தான் நண்பர் 'இதம்' என்று பெயர் வைத்திருந்தார். கார் விலைப் பெட்டியில் அந்த ஒரு வளைவுதான் இருந்தது. பிற்பாடு, பழைய வளைவுகளுக்குத் திருகுள்ள சாதாரணப் பெட்டி ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினார். அத்தை இப்போது குறை சொல்வதில்லை. கூடவே முணுமுணுக்கிறார்.

ஆகவே, வாங்கப் போகிற வாசகர்களுக்கு என் யோசனை இது: என் கார்ட்ரிட்ஜுக்குப் போதுமான பெருக்கம் உண்டா? பாரம் மாற்ற முடியுமா? வளைவிலிருந்து எவ்வளவு பிசகும்? இரைச்சல் எவ்வளவு? என் தட்டுகள் எந்தக் காலத்தவை? இந்த ஐந்துக்கும் எண்களில் பதில் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முள்ளை மாற்றுங்கள். தேய்ந்த முள் தட்டை உழுதுவிடும். உழுத கோட்டை எந்த லட்சமும் திருப்பித் தராது. தட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அரக்குத் தட்டை மட்டும் ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், கரைந்துபோகும்.

உரிச்சொல்தான் வேண்டுமென்றால் ஒரு நாவல் வாங்குங்கள். எங்களிடம் மலிவு.